இருபத்தொரு நிமிடம் முந்திய விடை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி எட்டு நிமிடத்துக்குத் தையல்நாயகிக்குச் சம்மதம் கிடைத்தது. அவள் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.

கணினித் திரையின் நடுவே, மேலைச்சுனைக் கிளையின் முத்திரையோடு இரண்டே வரிகள் வந்து நின்றன:

‘தலைமையிடம், தையல்நாயகி அவர்களுக்கு: சம்மதம். திருமணம் மலைமேல் என்றாலும் சரி, திருச்சியில் என்றாலும் சரி. – மருதவாணன், கிளை அலுவலர்.’

அவள் ஒருமுறை படித்தாள். எழுந்து நின்று ஒருமுறை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தாள். மூன்று முறையும் அது சம்மதமாகவே இருந்தது. மழைமானிக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில், பிணையப் பொறியாளராகப் பத்தாண்டு பழுத்த அவளுடைய உடல் முழுவதும் யாரோ சலங்கை கட்டிவிட்டாற்போல் அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியின் அடியில், குளிர்ந்த நீர்போல் ஓர் அச்சமும் ஓடியது. மேலைச்சுனையிலிருந்து வரும் விடைகள் எல்லாம் இருபத்தொரு நிமிடம் முந்தி வருபவை. ஆகவே இவர் இதைப் பத்து இருபத்தொன்பதுக்கு எழுதப் போகிறார். ஆகவே அதற்குள் தான் கேட்கப் போகிறோம். கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று ஆண்டுகளாக அவளே முடிவு செய்யாத ஒன்றை, யாரோ முடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இந்த விந்தை பிறந்த கதையைச் சொன்னால்தான் அவளுடைய நடுக்கம் விளங்கும்.

நான்கு திங்களுக்கு முன்பு, பச்சைமலையின் உச்சியில் இருக்கும் மேலைச்சுனை மழைநிலையத்தின் கணினியைத் திருச்சித் தலைமையிடத்தோடு வி.பி.என். என்னும் சுரங்கவழியால் இணைக்க ஆணை வந்தது. அந்த மலையில் கைபேசிக்கு அலை இல்லை; வானத்துச் செயற்கைக்கோளே துணை. மேலாளர் பஞ்சநதம், பெயருக்கேற்றாற்போல் ஐந்து ஆறுகளும் சேர்ந்து பேசுவதுபோல் பேசுகிறவர், அன்று கேட்டார்.

“வி.பி.என்.னா என்னம்மா? எனக்குப் புரியறாப்புல சொல்லு.”

“ரோடு ஊருக்கெல்லாம் பொது, சார். அதுல திரை போட்ட பல்லக்கு ஒண்ணு போகுதுன்னு வைங்க. உள்ள யாரு இருக்கா, என்ன பேசுறாங்கன்னு வெளியில தெரியாது. அங்க மலையில ஏறி உக்காந்தா இங்க நம்ம வாசலுக்குள்ளதான் இறங்கலாம். அவ்வளவுதான்.”

“பல்லக்கா! அப்ப நல்ல நேரம் பாத்துத்தான் தூக்கணும்.”

அவள் மலைக்குப் போய் அதற்கான இணைப்புப் பெட்டியைப் பொருத்தினாள். மூன்று ஆண்டுகள் எழுத்தில் மட்டுமே பேசிய மருதவாணனை அன்றுதான் நேரில் கண்டாள். நெடிய உருவம், குறுகிய பேச்சு. திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது, இருந்த ஒரே குடையை அவர் பெட்டிக்குப் பிடித்தார். இருவரும் நனைந்தார்கள். பெட்டி நனையவில்லை. “இவர் கடமைக்குக் குடை பிடிக்கிறவர்” என்று அன்று கண்டாள்; மூன்று ஆண்டுகளாக அவள் மனத்தில் கிடந்த வித்து அந்த மழையிலேயே முளைத்துவிட்டது.

திறப்புக்குக் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். ஆனால் கம்பி வந்து சேர்ந்து எல்லாம் ஆயத்தமானபோது பத்து நாற்பத்தொன்று. பஞ்சநதம் தலையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

“தையல், அந்த மிஷினுக்கு நேரம் யாரு சொல்றா?”

“நாமதான் சார்.”

“அப்ப பத்து இருபதுன்னு சொல்லேன். அதுக்கென்ன பஞ்சாங்கமா தெரியும்?”

அவள் மறுத்தாள், அவர் மன்றாடினார், கடைசியில் தலைமையிடத்துப் பெட்டியின் கடிகாரம் இருபத்தொரு நிமிடம் பின்னுக்குப் போயிற்று. கற்பூரம் ஏற்றப்பட்டது. சுரங்கவழி திறந்தது. இரு முனைகளும் கைகுலுக்கி ஒரு மறைசாவியைச் செய்துகொண்டன; அந்தச் சாவிக்குள் பிறந்த நேரமும் உறைந்துவிட்டது. மலைமுனைக்கு ஒரு நேரம், தலைமுனைக்கு வேறொரு நேரம். இரண்டுக்கும் இடையே வழக்கு வந்தபோது, பாவம், அந்தச் சுரங்கவழி தலைமையிடத்தையே நம்பியது. மலையிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் இருபத்தொரு நிமிடம் முன்னதாகவே கொண்டுவந்து இறக்கத் தொடங்கியது. இயற்பியல் இதற்கு இடம் கொடுத்திருக்கக் கூடாது. ஏனோ கொடுத்துவிட்டது.

மறுநாள் காலை எட்டு ஒன்பதுக்கு ‘நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்’ என்று விடை வந்தது. ‘அளவு என்ன?’ என்று தலைமையிடம் கேட்க வேண்டிய நேரம் எட்டரை. கழகத்தில் விதி ஒன்பது என்று ஒன்று உண்டு: கிளை, கேட்டதற்கு விடை சொல்லும், கேளாததைச் சொல்லாது, தானாகக் கேள்வி கேளாது. எல்லா ஊர்களுக்கும் ஒரே தந்திக் கம்பி இருந்த காலத்தில், அனைவரும் ஒருங்கே பேசிக் குழப்பாதிருக்கப் போட்ட விதி அது. கம்பி போயும் விதி போகவில்லை. மருதவாணன் அதைக் கனவிலும் மீறாதவர். எனில் கேள்வி இல்லாமல் விடை வந்தது எப்படி?

மூன்றாம் நாள் பஞ்சநதம் சோதித்துப் பார்த்தார். விடை வந்தது, கேள்வியையும் தட்டச்சு செய்து வைத்தாயிற்று, ஆனால் அனுப்பப் போவதில்லை என்று தம் இரு கைகளையும் துண்டால் கட்டச் சொல்லி நாற்காலியில் அமர்ந்தார். சரியாக எட்டரைக்கு அவருக்குத் தும்மல் வந்தது. மூக்குக்கண்ணாடி தெறித்து என்டர் விசையின் மேல் விழுந்தது. கேள்வி போய்விட்டது.

“நான் கேக்கலம்மா! என் கண்ணாடி கேட்டுச்சு!” என்று அவர் குழந்தைபோல் குதித்தார்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒன்று தெளிவாயிற்று: விடை வந்துவிட்டால் கேள்வி போயே தீரும்.

நன்மையும் இருந்தது. ஒரு மாலை, ‘நாவல் மரம் சாய்ந்தது. எச்சரித்ததற்கு நன்றி, நால்வரும் விலகி நின்றோம்’ என்று வந்தது. தையல்நாயகி பதறி, ‘மரத்தடியை விட்டு விலகுங்கள்’ என்று உடனே அனுப்பினாள். நால்வர் பிழைத்தார்கள். அதன் பிறகுதான் மருதவாணனுக்கும் அவள் இந்த இருபத்தொரு நிமிடக் கோணலை விளக்கினாள். ‘அப்படியானால் நாளை என்பதற்குத் தங்களைவிட நான் சற்று அருகில் இருக்கிறேன்’ என்று அவர் எழுதியதை அவள் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஆனால் இனிமை குறைந்துகொண்டே வந்தது. அலுவலக உதவியாளர் லூர்துமேரியின் தங்கை மகள் மலையில் படிக்கிறாள். தேர்வு முடிவு வந்த நாளில், லூர்துமேரி கேட்பதற்கு முன்பே ‘தேறிவிட்டாள்’ என்று திரையில் வந்தது. லூர்துமேரி மகிழவில்லை, முகம் சுண்டிப் போயிற்று.

“வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு, பாஸா ஃபெயிலான்னு துடிச்சிக்கிட்டுக் கேக்கணும் தையல். அப்பதான் பாஸுங்கற சொல்லு இனிக்கும். இது என்ன, ஊதாமலே ஆறின காப்பி மாதிரி!”

அவள் சொன்னது மெய். கேள்வி என்பது ஆசையாக இருந்தது போய், தீர்த்தே ஆக வேண்டிய கட்டாயமாகிவிட்டது. ஆகவே தையல்நாயகி ஓர் ஏற்பாடு எழுதிக் கொடுத்தாள்: மழையளவுக்கும் எச்சரிக்கைக்கும் இந்தக் கோணல் வழியே இருக்கட்டும், மனிதர் பேச்சுக்கு மட்டும் நேரான புதிய வழி ஒன்று திறப்போம். பஞ்சநதம் கையெழுத்திட்டார். திறப்பு இன்றைக்குத்தான், ராகு காலம் கழிந்து, பன்னிரண்டு ஐந்துக்கு. மேலைச்சுனைக்கும் அறிவித்தாயிற்று. அந்த விடை இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்து வந்திருந்தால் இந்தக் கோணல் அவளைத் தீண்டியிருக்காது.

பத்து பதினொன்று.

“என்ன தையல், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?” தேநீர்க் குவளையோடு வந்த லூர்துமேரி திரையை எட்டிப் பார்த்தாள். குவளை மேசைக்குப் போயிற்று. கை வாய்க்குப் போயிற்று. அடுத்த நொடி அந்தக் கை வாயை விட்டு விலகியது. “சார்! ஓடியாங்க! நம்ம தையலுக்குக் கல்யாணம்!”

பஞ்சநதம் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். படித்தார். கண் கலங்கினார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்தரைக்குள்ள கேட்டுரும்மா. அப்புறம் ராகு காலம்.”

“நான் கேக்கப் போறதில்ல சார்.”

“கேக்காம எப்படி? பதில் வந்துருச்சே! என் கண்ணாடியே கேட்டுச்சு, நீ கேக்க மாட்டியா?”

“அதுதான் சார் எனக்கு வலிக்குது.” அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தாள். “அங்க அவரு சுதந்திரமா இருக்காரு. கேள்வி வரும், படிப்பாரு, யோசிப்பாரு, சரின்னு சொல்லுவாரு. இங்க கட்டுப்பட்டு நிக்கிறது நான் ஒருத்திதான். மூணு வருஷமா நெஞ்சுல வச்சிருந்தேன். ஒரு நாள் நானா, வாயத் திறந்து, பயந்து பயந்து கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேட்டா அது என் கேள்வியா? கடிகாரத்தோட கேள்வி.”

“எதுக்கு இப்ப அழுவுற?” லூர்துமேரி அதட்டினாள். “சரின்னுதான சொல்லிருக்காரு?”

“மாட்டேன்னு சொல்லுவாரோன்னு பயந்துக்கிட்டுக் கேக்கறதுக்குக் குடுத்து வைக்கலையேக்கா!”

“அடி பைத்தியமே!” என்றாள் லூர்துமேரி. ஆனால் ‘தேறிவிட்டாள்’ என்று முந்தி வந்த செய்தி அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் திட்டவில்லை.

பத்து பதினாறு. பஞ்சநதம் அமைதியாக இருக்கக் கற்றவர் அல்லர். ஒரு தாளை இழுத்து வரைவு எழுதலானார். “இப்படி அனுப்பு: பொருள், திருமணம் தொடர்பாக. பார்வை, மூன்றாண்டு கால உரையாடல். மேற்காணும் பொருள் குறித்துத் தங்கள் இசைவை மறு அஞ்சலில் தெரிவிக்குமாறு…”

“சார்! அவரு பயந்து மலையிலேர்ந்து குதிச்சிருவாரு.”

“ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி சேக்கட்டுமா?”

தையல்நாயகி தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததும் அச்சத்தின் பிடி சற்று நெகிழ்ந்தது. அவள் சாளரத்தருகே போய் நின்றாள். தொலைவில் மலைக்கோட்டை ஆவணி வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. ஓதுவார் மரபில் பிறந்த வீட்டுப் பெண் அவள். அந்தி விளக்கேற்றிப் பதிகம் பாடாமல் உண்டதில்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு நினைவு தானாகவே எழுந்தது. வேண்டுமுன் அருளுகிறவன் என்றுதானே இறைவனை நாள்தோறும் பாடுகிறோம்? இடுகிற கை நமக்கு முன்பே நீண்டிருக்கிறது என்று தெரிந்தே பாடுகிறோம். அதற்காக, கிடைத்துவிட்டதே இனி எதற்குப் பாட்டு என்று எந்த அடியாரும் வாயை மூடிக்கொண்டதில்லையே! அருள் முந்தி வந்ததனால் பாட்டுப் பொய்யாகிவிட்டதா? வேண்டுதல் என்பது பெறுவதற்கு மட்டுமா? கேட்பதே ஓர் இன்பம். கேட்கிற நாவுக்கே அது நைவேத்தியம்.

விடை எப்போது வந்தால் என்ன? கேள்வி தன்னுடையது. அந்தப் பெட்டியைப் பொருத்துவதற்கும் முன்பே பிறந்து, மழையில் முளைத்த கேள்வி அது. எந்தக் கடிகாரத்துக்கும் மூத்தது.

அவள் திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க.”

இருவரும் திரும்பினார்கள். பஞ்சநதம் சுவரைப் பார்த்து நின்றபடி, “பத்து இருபத்தஞ்சு” என்று அறிவித்தார்.

அவள் எழுதினாள்: ‘மருதவாணன், என்னோடு வாழ வருகிறீர்களா? உங்கள் விடை ஏற்கெனவே என் கண்முன் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். விடைக்காக அல்ல, உங்களைக் கேட்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக எனக்கு ஆசை.’

தும்மல் எதுவும் வரவில்லை. கண்ணாடி எதுவும் விழவில்லை. பத்து இருபத்தேழுக்கு அவளே, தன் சுட்டுவிரலால், என்டர் விசையை அழுத்தினாள்.

“ராகு காலத்துக்கு மூணு நிமிஷம் முன்னாடி!” என்று பஞ்சநதம் கூவ, லூர்துமேரி சிலுவை போட்டுக்கொண்டு அவளைக் கட்டிப் பிடித்தாள். மாடி முழுவதும் இனிப்பு வழங்கப்பட்டது. பத்து இருபத்தொன்பது வந்தது, போயிற்று. திரையில் புதிதாக ஒன்றும் இல்லை. விடைதான் ஏற்கெனவே வந்துவிட்டதே!

பன்னிரண்டு ஐந்துக்குக் கற்பூரம் ஏற்றப்பட்டது. நேரான சுரங்கவழி திறந்தது. இம்முறை இரு முனைகளிலும் கடிகாரங்களை அவள் இருமுறை ஒத்துப் பார்த்தாள். அந்தக் கற்பூரம் அணையுமுன் வாசலில் ஒரு குரல் கேட்டது.

“இங்க தையல்நாயகின்னு யாருங்க?”

காக்கிச் சட்டையில் கரி அப்பிய பேருந்து நடத்துநர். மலைப் பேருந்தில் வாரம் ஒருமுறை மழையளவு குறித்த அட்டையைக் கொண்டுவருகிறவர். “பத்து மணிக்கெல்லாம் கையில குடுத்துரணும்னு மேலைச்சுனை சார் சத்தியம் வாங்கிக்கிட்டு விட்டாருங்க. துறையூர் தாண்டி ரெண்டு டயரும் பஞ்சர். மன்னிச்சுக்கங்க.” உறையை நீட்டிவிட்டு, தட்டில் இருந்த லட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உறைக்குள் மருதவாணனின் கையெழுத்து. நேற்றைய தேதி.

‘தையல்நாயகி அவர்களுக்கு. நாளை பத்து மணி எட்டு நிமிடத்துக்கு என்னிடமிருந்து ஒரு விடை வரும். தாங்கள் எதையும் கேட்டு நான் அதை எழுதவில்லை. விதி ஒன்பதின்படி கிளைக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. விடை சொல்லும் உரிமை மட்டும் உண்டு. ஆகவே என் விருப்பத்தை விடையாகவே அனுப்புகிறேன். கேளாததைச் சொல்வதும் விதிமீறல்தான். இரண்டில் சிறியதைத் தேர்ந்தேன். பத்து இருபத்தொன்பதுக்குத் தானாகப் போகும்படி கணினியில் வைத்துவிட்டு, மேல் மழைமானிக்கு ஏறிவிடுவேன். அருகில் இருந்தால் நானே நிறுத்திவிடுவேன். விடை வந்துவிட்டதே, கேட்டே தீர வேண்டுமோ என்று தாங்கள் ஒரு கணமும் கலங்கக் கூடாது. அதற்காகவே இக்கடிதம் முந்தி வருகிறது. தாங்கள் கேட்கலாம், கேளாமலும் இருக்கலாம். கேளாவிட்டால், அதற்கு மறுநாள் எட்டரைக்கு வழக்கம்போல் அளவு என்ன என்று மட்டும் கேளுங்கள். நானும் அளவை மட்டும் சொல்வேன்.’

அவள் கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல, பனி விலகி மலை தெரிவதுபோல், எல்லாம் விளங்கிற்று. எவரும் அவளைக் கட்டிப்போடவில்லை. பத்து எட்டிலிருந்து பத்து இருபத்தேழு வரை அவள் முழுக்க முழுக்கச் சுதந்திரமாக இருந்தாள். அது தெரியாமல் துடித்தாள், சிரித்தாள், தேறினாள், கேட்டாள். அந்தக் கேள்வி அவளுடையதேதான்!

“சார்!” என்று அவள் அலறினாள். “அப்ப என் கேள்விக்கு இன்னும் பதிலே வரல!”

பஞ்சநதம் லட்டை வாயில் வைத்தபடி சிலையானார். “என்னம்மா சொல்ற? ஊருக்கெல்லாம் இனிப்புக் குடுத்துட்டோமே!”

“அவரு என் கேள்விய இன்னும் பாக்கவே இல்ல! மழைமானிக்குப் போயிருக்காரு!”

“அப்ப… இப்ப என்னடி பண்றது?” லூர்துமேரி கேட்டாள்.

“காத்துக்கிட்டு இருக்கணும்க்கா!” என்று சொல்லும்போதே தையல்நாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே பொங்கின. “எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்களே, அந்த மாதிரி!”

எதிர்காலம் என்று ஒன்று அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நான்கு திங்களாக அந்த அறையில் எவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திரையைப் பார்த்ததில்லை. இப்போது மூவரும் பார்த்தார்கள். பன்னிரண்டு ஒன்பது. பன்னிரண்டு பதினொன்று. தன் வயிற்றில் லூர்துமேரி சொன்ன நெருப்பு பற்றிக்கொண்டதைத் தையல்நாயகி உணர்ந்தாள். அது எவ்வளவு இனிமையாக இருந்தது!

பன்னிரண்டு பதினான்குக்கு, புதிய நேர்வழியில் முதல் சொல் வந்து இறங்கியது. அலுவல் தமிழை விட்டு அந்த மனிதர் எழுதியதை அவள் அன்றுதான் கண்டாள்.

‘ஐயோ, நிஜமாவே கேட்டுட்டீங்களா! மேலேர்ந்து ஓடியாந்தேன், மூச்சு வாங்குது. இருங்க.’

பிறகு சற்று நேரம் வெறுந்திரை. பிறகு:

‘பதில் என்கிட்ட இருந்து ஏற்கெனவே வாங்கிட்டீங்க. அதுல ஒரு எழுத்தும் மாறல. இனி விதி ஒன்பதை முழுசா மீறப் போறேன். கிளை இப்ப ஒரு கேள்வி கேக்குது: என்னைக் கட்டிக்கிறீங்களா?’

“கேக்குதுய்யா! கிளை கேக்குது!” பஞ்சநதம் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டார். “விதி ஒன்பதை இப்பவே ரத்து பண்றேன்! தாளைக் கொண்டா! தையல், சீக்கிரம் சம்மதம்னு போடும்மா!”

தையல்நாயகி விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆறிப்போன தேநீர்க் குவளையை லூர்துமேரி பக்கம் நகர்த்தினாள்.

“அக்கா, சூடா ஒரு டீ போட்டுக் கொண்டாங்க. அவரும் கொஞ்சம் துடிக்கட்டும். இருபத்தொரு நிமிஷம் கழிச்சுத்தான் சொல்லப் போறேன்.”

அடுப்பில் பால் பொங்குமுன், நான்காம் நிமிடத்தில், அவள் அனுப்பிவிட்டாள்.